புர்கோஸில் பஸ் ஏறாதீர்கள்

"அம்மா, புர்கோஸ்ல இருந்து லெயோனுக்கு பஸ்ல போயிடுங்க. ரெண்டு மணி நேரம்தான். நடுவுல பாக்க ஒண்ணுமே இல்லையாம். வெறும் வயலாம்."

போனில் மகன் இப்படிச் சொன்னபோது, 13 நாள் நடந்து நான் புர்கோஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். வலது முட்டி வீங்கியிருந்தது. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் இருவரும் மறுநாள் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மகன் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். ஆனால் 'வெறும் வயல்' என்ற சொல் என்னைத் தைத்துவிட்டது. 32 ஆண்டுகள் வேளாண்மைத் துறையில், ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயல் இருக்கிற இடத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

"வயல் இருக்குல்லடா, அது போதும்" என்று சொல்லிவிட்டு முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு மேற்கே நடக்கத் தொடங்கினேன்.

நான் நடந்த வழிக்குப் பெயர் 'கமினோ தெ சந்தியாகோ'. சந்தியாகோவுக்குப் போகும் பாதை என்று பொருள். சந்தியாகோ யார் என்று ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபுதான் ஸ்பானிய, போர்த்துக்கீசிய நாவில் சந்தியாகோ ஆனார். போர்த்துக்கீசியரோடு நம் கரைக்கு வந்து சந்தியாகப்பர் ஆனார். தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டில் அவருக்குப் பழைய ஆலயம் இருக்கிறது. சந்தியாகு என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பக்கம் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்தப் பெயரின் ஊற்றுக்கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஆசை, வேலையில் இருந்த காலத்திலேயே எனக்குள் விழுந்துவிட்டது. நான் கிறிஸ்தவள் இல்லை. வழியில் யாரும் அதைக் கேட்கவுமில்லை.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டில் தவம் செய்த ஒரு துறவி வானத்தில் ஒளியைக் கண்டார், அந்த இடத்தில் சந்தியாகோவின் கல்லறை வெளிப்பட்டது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. இடைக்காலத்தில் ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே நடந்தார்கள். 12ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழிக்கு ஒரு கையேடு எழுதப்பட்டுவிட்டது: எந்த ஆற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எதைக் குடித்தால் குதிரை சாகும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. பிறகு பல நூற்றாண்டுகள் வழி ஓய்ந்துபோனது. 1980களின் நடுவில்கூட ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் தேறவில்லை. பாவ்லோ கொயலோ 1986ல் நடந்து, மறு ஆண்டே அதைப் புத்தகமாக எழுதினார். நம் வாசகர்களுக்குத் தெரிந்த 'ரசவாதி' அதற்குப் பின்னால் வந்தது. 1993ல் யுனெஸ்கோ இந்த வழியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நான் நடந்த 2024ல் சந்தியாகோவின் யாத்ரீகர் அலுவலகத்தில் பதிந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

வழி ஒன்றல்ல, பல. அதிகம் பேர் நடப்பது 'பிரெஞ்சு வழி'. பிரான்ஸ் எல்லையில் உள்ள சான்-ழான்-பியே-தெ-போர் என்ற மலையடிவார ஊரிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர். நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். கையில் 'கிரெடென்சியால்' என்ற மடிப்பு அட்டை. யாத்ரீகர் என்பதற்கு அதுதான் அடையாளம். தங்கும் விடுதி, கோயில், டீக்கடை மாதிரியான சிறு பார்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் அதில் முத்திரை குத்துவார்கள். அட்டை இருந்தால் 'அல்பெர்கே' எனப்படும் யாத்ரீகர் விடுதிகளில் படுக்க இடம் கிடைக்கும். அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. பெரும்பாலும் 10 முதல் 15 யூரோ. சில இடங்களில் கட்டணமே இல்லை, உண்டியலில் முடிந்ததைப் போடலாம். இரவு 10 மணிக்கு விளக்கணைத்துவிடுவார்கள், காலை 8 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். உடம்பு சரியில்லாதவர்களைத் தவிர யாரும் இரண்டாம் இரவு தங்க முடியாது. சத்திரங்களுக்கு நம் ஊரில் இருந்த பழைய சட்டம்தான்.

முதுகுப்பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். என் எடை 58 கிலோ. பை ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. கூடுதலாக இருந்தது பருப்புப்பொடி. அதை எடுத்து வெளியே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் பதின்மூன்று நாட்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். படம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பகுதியைத்தான் பிடித்திருக்கிறார்கள். முதல் நாளே பிரனீஸ் மலை. 170 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, ரோன்செஸ்வாயெஸ் மடத்துக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் என் முட்டி போனது. பிறகு பம்ப்லோனா, புவெந்தே லா ரெய்னாவின் கல்பாலம், ரியோஹா மாநிலத்தின் சிவந்த மண்ணில் திராட்சைத் தோட்டங்கள். சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்ற ஊரின் பேராலயத்துக்குள், சுவரில் உயரமாக அமைந்த ஒரு மாடத்தில், வெள்ளைச் சேவலும் கோழியும் உயிரோடு வளர்க்கப்படுகின்றன. திருட்டுப் பழி சுமத்தித் தூக்கிலிட்ட இளைஞன் சாகவில்லை என்று பெற்றோர் வந்து சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த நீதிபதி, "இந்தத் தட்டில் இருக்கும் வறுத்த கோழி எவ்வளவு உயிரோடு இருக்கிறதோ அவ்வளவுதான் அவனும்" என்றாராம். தட்டிலிருந்த கோழி எழுந்து கூவியதாம். நான் உள்ளே நின்றபோதும் சேவல் ஒருமுறை கூவியது. எல்லாரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இனி அந்த வெறும் வயலுக்கு வருகிறேன்.

புர்கோஸிலிருந்து லெயோன் வரை 180 கிலோமீட்டர். நகரம் முடிந்து, ரபே என்ற சிற்றூரும் முடிந்ததும் பாதை ஒரு மேட்டில் ஏறும். மேலே போய் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை தட்டையான நிலம். கடல்மட்டத்துக்கு மேலே 800, 900 மீட்டர் உயரத்தில் விரித்துப்போட்ட மாதிரிக் கிடக்கிறது. இதற்குப் பெயர் மெசேட்டா. 'மெசா' என்றால் மேசை. நாம் சொல்லும் மேசையும் அதே சொல்தான், போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. மரம் இல்லை. நிழல் இல்லை. கோதுமையும் பார்லியும்தான். வரப்போரம் முழுக்க சிவப்புக் கசகசாப் பூக்கள். தலைக்கு மேலே எங்கோ கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் வானம்பாடி விடாமல் பாடுகிறது. மே மாதம் நடுப்பகுதி. பார்லியில் கதிர் முற்றிலும் வெளிவந்து பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கோதுமை ஒரு வாரம் பின்னால். காற்று அடிக்கும்போது பார்லியின் நீண்ட மயிர்க்கதிர்கள் ஒன்றாகச் சாய்ந்து வெள்ளி நிறமாகி மறுபடி பச்சையாகின்றன. ஒரு கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்தேன்.

இதுவும் வானம் பார்த்த பூமிதான். ஆண்டுக்கு 400, 500 மில்லிமீட்டர் மழைதான் இங்கே. ராமநாதபுரத்தில் இதைவிட அதிகமாகவே பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பயிர் குட்டையாகக் காத்துக் கிடக்கிறது. குளிரில் ஈரம் ஆவியாவதில்லை. வசந்தத்தில் ஒரே மூச்சில் எழுந்து ஆடியில் அறுவடைக்கு வருகிறது. ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்று இந்தச் சீமையைப் பற்றி அங்கே ஒரு சொலவடை உண்டு.

இரண்டாம் நாள் மழை. மழை விட்டதும் பாதை களியாகிவிட்டது. நடக்க நடக்க மண் செருப்படியில் அப்பி, ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனத்தது. கூட வந்த ஜெர்மானியப் பெண் திணறிப்போய் நின்றுவிட்டார். எனக்கு அது புதிதில்லை. சாத்தூர் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பின் நடந்தவர்களுக்கு இந்த மண்ணைத் தெரியும். வரப்போரப் புல்லில் கால் வைத்து, பத்தடிக்கு ஒருமுறை குச்சியால் சுரண்டி நடக்கச் சொல்லிக்கொடுத்தேன். மாலையில் ஒந்தானாஸ். நூறு பேருக்கும் குறைவாக வாழும் ஊர் அது. பள்ளத்துக்குள் இருப்பதால், காலடியில் வரும்வரை ஊர் இருப்பதே தெரியாது. முதலில் கோயில் கோபுரத்தின் நுனி, பிறகு ஓடுகள், அதன் பிறகுதான் தெரு. ஊற்றுகள் என்ற சொல்லிலிருந்து வந்ததாம் அந்தப் பெயர். தண்ணீர் இருக்கும் பள்ளத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் போனால் சான் அந்தோன் மடத்தின் இடிபாடு. சாலையே அதன் வளைவுக்குள் நுழைந்து போகிறது. என்னை இந்தப் பயணத்தில் உலுக்கிய இடங்களில் ஒன்று இது. இடைக்காலத்தில் 'அந்தோணியார் நெருப்பு' என்று ஒரு நோய் ஐரோப்பாவை வாட்டியது. கை கால் தீப்பட்டதுபோல் எரியும், பிறகு கறுத்து, அழுகி விழும். காரணம், ரை என்ற தானியத்தின் கதிரில் வளரும் ஒரு பூஞ்சணம். அந்தத் தானியத்தை அரைத்து ரொட்டி சுட்டுத் தின்ற ஏழைகளுக்குத்தான் நோய் வந்தது. நம் கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் இதன் உறவுப் பூஞ்சணம்தான். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து, விதையைப் போட்டு, மிதப்பதை அள்ளி எறியுங்கள் என்று நான் எத்தனை ஊர்க் களத்துமேட்டில் செய்துகாட்டியிருப்பேன்! அந்த நோய்க்காரர்களை எடுத்துப் பராமரிக்கவே இந்த மடத்துத் துறவிகள் இருந்தார்கள். நல்ல கோதுமை ரொட்டி கொடுத்தார்கள். அதுவே பாதி மருந்து. மடத்துக் கதவு அடைத்தபின் வரும் யாத்ரீகர்களுக்காக ரொட்டி வைத்த மாடக்குழிகள் வளைவின் சுவரில் இன்னும் இருக்கின்றன. இன்று அவற்றில் நடந்துபோகிறவர்கள் சீட்டு எழுதி, மேலே கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது.

அன்று இரவு காஸ்த்ரோஹெரீஸில் என் இடது குதிகால் கொப்புளம் உடைந்தது. விடுதியைப் பார்த்துக்கொள்பவர்களை 'ஒஸ்பித்தலேரோ' என்கிறார்கள். பலர் முன்பு இதே வழியில் நடந்தவர்கள். ஆண்டுக்கு இரண்டு வாரம் தங்கள் செலவில் வந்து, சம்பளமில்லாமல் விடுதியைக் கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களைக் கவனித்துவிட்டுப் போகிறார்கள். அங்கிருந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் தரையில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வயதில் மூத்தவர் என் காலைத் தொடுவது எனக்குத் தாங்கவில்லை. இழுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவுமில்லை, பேசவுமில்லை. மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார். கழுவி, அயோடின் தடவி, உரிந்த தோலை வெட்டாமல் அப்படியே படியவைத்து, மேலே துணி ஒட்டினார். பிறகு என் இன்னொரு காலையும் கேட்டார். அதில் ஒன்றுமில்லை என்றேன். எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

போவாதியா என்ற ஊருக்கு முந்திய வயலில் நான் ஒரு பார்லிக் கதிரைப் பறித்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம். பால் வெள்ளையாக விரலில் ஒட்டியது. டிராக்டரில் வந்த விவசாயி நிறுத்தினார். பயிரைத் தொட்டதற்குக் கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். "செனியோரா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஸ்பானிய மொழியில் ஐம்பது, அறுபது சொற்கள் தெரியும். விவசாயம், இந்தியா, முப்பத்திரண்டு ஆண்டு என்று சொன்னேன். அவர் இறங்கி வந்து ஒரு தூரை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, என் கையில் கொடுத்தார். எத்தனை பக்கத்தூர் வெடித்திருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். நான் போனில் நம் கம்பங்கதிர் படத்தைக் காட்டினேன். அடுத்த வயல் தரிசாகக் கிடந்தது. அதைக் கைகாட்டி, உள்ளங்கையில் தலைசாய்த்துத் தூங்குவதுபோல் காட்டினார். மண் ஓய்வெடுக்கிறதாம். எத்தனை பேர் இந்த ஊரில் பயிர் செய்கிறீர்கள் என்று கேட்டேன். விரல் ஒவ்வொன்றாக மடக்கி, மூன்றில் நிறுத்தினார். பிள்ளைகள்? "வயாதோலித்" என்று தெற்கே கை நீட்டினார். வயாதோலித் அங்கே பெரிய நகரம்.

ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்' என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். இந்தப் பகுதியில் வைக்கோல் கலந்த பச்சைச் செங்கல்லில் கட்டிய வீடுகள். ஆளில்லாமல் போனால் மழை கரைத்து மறுபடி மண்ணாக்கிவிடுகிறது. வயல் நடுவே வட்டமாகவும் சதுரமாகவும் பெரிய புறாக்கூண்டுக் கட்டடங்கள் நிற்கின்றன. புறாவைக் கறிக்கும், எச்சத்தை உரத்துக்கும் வளர்த்தார்கள். பெரும்பாலானவற்றில் கூரை இல்லை. கடையில்லாத ஊர்களுக்கு ரொட்டி வேன் வருகிறது. அது ஹாரன் அடித்ததும் கதவுகள் திறந்து வயதான பெண்கள் பையோடு வருகிறார்கள். அப்போதுதான் அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியும். இந்த ஊர்களில் ஒரு விடுதி, ஒரு பார் திறந்திருக்கிறது என்றால் அது நடந்து வருகிறவர்களால்தான். புர்கோஸில் பஸ் ஏறுகிறவர் இந்த ஊர்களில் படுக்கைக்குத் தர வேண்டிய பத்து யூரோவும் பஸ்ஸோடு போய்விடுகிறது.

ஃப்ரோமிஸ்தாவுக்கு முன் மூன்று, நான்கு கிலோமீட்டர் காஸ்தில்யா கால்வாயின் கரையில் நடக்கிறோம். 1753ல் தோண்டத் தொடங்கி 1849ல் முடித்தார்கள். நீளம் 207 கிலோமீட்டர். இந்தச் சீமையின் கோதுமையைப் படகில் ஏற்றி வடக்கே துறைமுகம் வரை கொண்டுபோவது நோக்கம். மலையைத் தாண்டுவதற்குள் ரயில் வந்துவிட்டது. இப்போது அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. ஊர் முனையில், படகை மேல்மட்டத்திலிருந்து கீழே இறக்குவதற்கு அடுக்கடுக்காக நான்கு மதகுகள் கட்டியிருக்கிறார்கள். 14 மீட்டர் இறக்கம். கல்லில் கட்டிய அந்த முட்டைவடிவத் தொட்டிகளில் தண்ணீர் இப்போதும் இரைந்து விழுகிறது.

கரியோன் ஊரில் அகஸ்டின் சபைக் கன்னியர் நடத்தும் விடுதியில் தங்கினேன். மாலையில் எல்லாரையும் படிக்கட்டில் உட்காரவைத்துப் பாடச் சொல்வார்கள். வருகிறவர்களை ஆசீர்வதித்து, கையால் வெட்டி வண்ணம் தீட்டிய காகித நட்சத்திரம் ஒன்றைத் தருவார்கள். மறுநாள் காலைக்கு அது தேவைப்பட்டது. கரியோனைத் தாண்டினால் 17 கிலோமீட்டர் தூரத்துக்கு ஊர் இல்லை. கல்லே கிடைக்காத அந்த மண்ணில், வெளியிலிருந்து கல் கொண்டுவந்து ரோமானியர்கள் போட்ட நேர்ச்சாலை அது. வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. முன்னால் ஒரு கிலோமீட்டரில் போகும் ஆள் ஒரு மணி நேரம் கழித்தும் அதே அளவில்தான் தெரிகிறார்.

அங்கே எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் மனம் எதையாவது பற்றிக்கொண்டிருந்தது. முட்டி, தண்ணீர், அன்று இரவுச் சாப்பாடு. பிறகு பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது. அப்போது ஒரு முகம் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வறட்சி ஆண்டில், நிவாரணக் கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டுப்போன ஒரு விதவை அம்மா. மல்லி போட்டு முழுக்கக் கருகிப்போன ஒன்றரை ஏக்கர். பெயரைச் சேர்க்கச் சொல்லி நான்கு முறை அலுவலகத்துக்கு வந்தார். மூன்று முறை பதில் சொன்னேன். நான்காம் முறை அவர் மேசைக்கு முன் நின்றபோது நான் ஃபைலிலிருந்து நிமிரவே இல்லை. "சரிம்மா, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. அந்தக் குரலை நான் நினைத்ததே இல்லை. அந்தச் சாலையில் அது பக்கத்தில் நடந்து வந்தது. கல்சாதியா ஊரின் கோபுரம் தெரியும்வரை அழுதுகொண்டே நடந்தேன். அங்கே அழுதால் மறைக்க வேண்டியதில்லை. வழியில் என்னைக் கடந்து போனவர் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுத் தன் நடையில் போய்விட்டார்.

சாகூன், மன்சியா, பிறகு லெயோன். மெசேட்டாவை நடந்து முடிக்க எனக்கு எட்டு நாள் ஆனது. லெயோன் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை எல்லாரும் புகழ்ந்து எழுதிவிட்டார்கள். நானும் வியந்தேன்.

லெயோனுக்கு அப்பால் நிலம் மறுபடி மலையாகிறது. ஃபோன்செபதோன் என்ற ஊர் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஆளே இல்லாமல் கிடந்தது. நடப்பவர்கள் திரும்பி வந்ததும் வீடுகளுக்கு மறுபடி கூரை வந்தது. அதற்கு மேலே, 1,500 மீட்டர் உயரத்தில், 'இரும்புச் சிலுவை'. உயரமான ஒரு கருவாலி மரக் கம்பம், அதன் உச்சியில் சிறிய சிலுவை, அடியில் கற்குவியல். சொந்த ஊரிலிருந்து ஒரு கல்லைச் சுமந்து வந்து, மனப் பாரத்தோடு சேர்த்து அங்கே இறக்கிவிட வேண்டும் என்பது வழக்கம். புறப்படுவதற்கு முன் விருதுநகர் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு சுக்கான்கல் எடுத்து வைத்திருந்தேன். வேற்று நாட்டுக்கு மண் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஒரு துகள் ஒட்டாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி எடுத்துவந்தேன். யாருக்காக என்று எடுத்தபோது தெரியாது. அங்கே தெரிந்துதான் வைத்தேன்.

மஞ்சள் அம்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 780 கிலோமீட்டரில் நான் ஒருமுறைகூட வழி தவறவில்லை. சுவரில், மரத்தில், கல்லில், தார்ச்சாலையில் மஞ்சள் பெயின்ட் அம்பு. சந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தின் நுழைவாயிலில், 1,300 மீட்டர் உயரத்தில் ஓ செப்ரெய்ரோ என்ற மலையூர் இருக்கிறது. வைக்கோல் கூரை வேய்ந்த உருண்டைக் கல்வீடுகள் உள்ள ஊர். அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் எலியாஸ் வலீன்யா. மறந்துபோன வழியைப் படித்து, ஆராய்ச்சி செய்து, பழைய தடத்தைக் கண்டுபிடித்தவர். 1984ல், சாலைக்குக் கோடு போட்டு மிஞ்சிய மஞ்சள் பெயின்டை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் அம்பு வரைந்தார். பிரனீஸ் மலையில் இவரைச் சந்தேகப்பட்டு விசாரித்த காவலர்களிடம், பெரும் படையெடுப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னார் என்பது அங்கே வழங்கும் கதை. 1989ல் இறந்துவிட்டார். அந்தப் படையெடுப்பை அவர் பார்க்கவில்லை. கோயில் பக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. கும்பிட்டேன்.

சாரியாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே 'கொம்போஸ்தெலா' சான்றிதழ் கிடைக்கும் என்பதால் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடும்பங்கள் என்று வழி நிறைந்துவிடுகிறது. போர்த்தோமரீனின் கோயிலைப் பார்க்க வேண்டும். 1960களில் அணை கட்டிப் பழைய ஊர் முழுகியபோது, கல்லுக்கு எண் போட்டுக் கழற்றி மேட்டில் மறுபடி கட்டினார்கள். சில எண்கள் இன்னும் தெரிகின்றன. பிறகு யூகலிப்டஸ் தோப்புகள், தூண்மேல் நிற்கும் கருங்கல் தானியக் களஞ்சியங்கள், ஓயாத தூறல்.

36ஆம் நாள் சந்தியாகோ. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாஸ்டர் மத்தேயோ செதுக்கத் தொடங்கிய 'மகிமை வாயில்' உள்ளே இருக்கிறது. எட்டுப் பேர் கயிறு இழுத்து ஆட்டும் பெரிய தூபக்கலசம் அன்று ஆடவில்லை. எனக்குக் குறையில்லை. பலிபீடத்துக்குப் பின்னால் படியேறிப் போய், சந்தியாகப்பர் சிலையை முதுகுப்புறமிருந்து கட்டிக்கொள்வது வழக்கம். தோள் சில்லென்று இருந்தது. வேர்க்காட்டிலிருந்து வருகிறேன் என்று தமிழிலேயே சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை 25, சந்தியாகோ திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு. அடுத்தது 2027. அந்த ஆண்டில் கூட்டம் தாங்காது. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் நல்லது. ஷூ ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, கிளம்புவதற்கு முன்பே இரண்டு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். சைவர்கள் 'கறி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது, மீனும் பன்றித் தொடையும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கிராமத்துப் பயறு சூப் நம் வாய்க்கு ஒத்துவரும், ஆனால் அதிலும் இறைச்சித்துண்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுவதும் நடக்க நாள் இல்லையென்றால் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள், புர்கோஸில் மட்டும் பஸ் ஏறாதீர்கள்.